பட்டையில் பதநீர், டம்ளரில் பருத்திப்பால்

போன வருஷக் கோடையில் பைபாஸ் ஓரம் ஒரு குடை நிழலில் பதநீர் வாங்கிக் குடித்தோம். அம்மா ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இது சாக்ரின் தண்ணிடா. தொண்டையிலேயே நிக்குது பாரு இனிப்பு" என்றார். நல்ல பதநீரின் இனிப்பு விழுங்கியதும் போய்விடும், கலயத்து வாசம் மட்டும் வாயில் தங்கும். குடித்தால் இனி மரத்தடியில்தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு வாய்த்தது. திருமங்கலத்தில் இருக்கும் மாமா, தனக்குத் தெரிந்த பனையேறி ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள வந்துருங்க, அப்புறம் வந்து பிரயோசனம் இல்ல" என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

விடிகாலை நாலே முக்காலுக்கு மதுரை பழங்காநத்தத்திலிருந்து கிளம்பினோம். திருப்பரங்குன்றம் இருட்டில் கடந்தது. திருமங்கலத்தில் மாமாவை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் ரோட்டில் திரும்பியபோது கிழக்கு வெளுத்திருந்தது. ரோட்டை விட்டு இறங்கி ஒரு கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினோம். கரை நெடுக வரிசையாகப் பனை.

பனையேறி ஐயாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களைப் பார்த்து "வாங்க தம்பி, வாங்கத்தா, இன்னும் மூணு மரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. மேலே அவர் செய்ததைக் கீழிருந்து கழுத்து வலிக்கப் பார்த்தேன். கட்டியிருந்த கலயத்தை அவிழ்த்து இடுப்புக் குடுவையில் ஊற்றினார். பனையின் பூங்குலையான பாளையின் நுனியை அரிவாளால் காகிதக் கனத்துக்கு ஒரு சீவு. பிறகு கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பைத் தடவி மறுபடி கட்டினார். ஒரு மரத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதையே சாயங்காலமும் செய்ய வேண்டும். அவர் பார்ப்பது இருபத்திரண்டு மரம். ஒரு நாள் ஏறாமல் விட்டால் சீவிய முகம் காய்ந்து பாளை சுரப்பதை நிறுத்திவிடும். அதனால் கல்யாணம் காட்சி என்று ஒரு நாள்கூட வெளியூர் தங்க முடியாது என்றார்.

இறங்கி வந்ததும் நான் கேட்டது சுண்ணாம்பைப் பற்றித்தான். பாளையில் சுரப்பது வெறும் சர்க்கரைத் தண்ணீர். காற்றில் இருக்கும் ஈஸ்ட் பட்டதும் புளிக்கத் தொடங்கி சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், பனையேறிகளின் பிழைப்பே இந்தச் சுண்ணாம்புப் பூச்சில்தான் நிற்கிறது. குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கு பொத்துப்போகும். "எவ்வளவு போடுவீங்க?" என்றேன். கட்டைவிரலைக் காட்டினார். ரேகைக்குள் வெள்ளை ஏறி நகக்கண் வெடித்திருந்தது. "மப்பு போட்டா ஒரு அளவு, வெயிலுக்கு ஒரு அளவு. கை சொல்லும் தம்பி" என்றார்.

குருத்தோலையை மடித்து அம்மாவுக்கு ஒரு பட்டை பிடித்துக் கொடுத்தார். குடத்தை அசைக்காமல் சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலாகத் தெளிவை மட்டும் ஊற்றினார். அம்மா இரண்டு கையாலும் பட்டையை ஏந்தி ஒரே மூச்சில் குடித்தார். நான் மூன்று பட்டை. ராத்திரிக் குளிர்ச்சி அப்படியே இருந்தது. பச்சை ஓலையின் வாசம் மூக்கில் ஏற, இனிப்பு நாக்கில் தொட்டதும் போனது. பக்கத்து வீட்டுக்கு இரண்டு பாட்டில் வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு அவர் சம்மதிக்கவில்லை. "மத்தியானத்துல ருசி மாறிரும்த்தா. என் பேரு கெட்டுப்போகும். அவுகளையும் இங்க கூட்டிட்டு வாங்க." அவர் கேட்ட காசை அம்மா பேரம் பேசாமல் கொடுத்தார். காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுகிறவர் அவர்.

மிச்சப் பதநீர் அவர் வீட்டு அடுப்புக்குப் போனது. கருப்பட்டி காய்ச்சுவது அவர் மனைவி. பொங்கி வழியும்போது ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு துளி போட, நுரை சொன்ன பேச்சு கேட்டது போல அடங்கியது. எட்டு லிட்டர் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருண்டு நின்றதும் இறக்கி, சிரட்டைகளில் ஊற்றினார். இரண்டு மணி நேரமும் அந்த அனலை விட்டு அவர் நகரவில்லை. கருப்பட்டி விலை ஜாஸ்தி என்று இனி என் வாயால் சொல்ல மாட்டேன்.

அதே ரோட்டில் டி. கல்லுப்பட்டி வரை போனோம். காந்தி 1934இல் அமைத்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை முன்னின்று நடத்திய ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் அது. கரும்புக்கு நல்ல நிலத்தையும் தண்ணீரையும் கொடுப்பதைவிடப் பனையிலிருந்து வெல்லம் எடுக்கலாம் என்பது அவர்கள் காலத்து வாதம். தண்ணீர் பாய்ச்சாத அந்தக் கண்மாய்க் கரையைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதில் ஒரு சொல்லும் பழசாகத் தெரியவில்லை. பனை 1978 முதல் நம் மாநில மரம். பாளை விட ஒரு கன்றுக்குப் பதினைந்து இருபது வருஷம் ஆகும். ஆனால் அன்று நாங்கள் பார்த்த கரையில் பனையேறி அவர் ஒருவர்தான்.

திரும்பும் வழியில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு சின்ன சோடாப் பட்டறையில் நிறுத்தி ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்தோம். கழுத்தில் கோலிக்குண்டு உட்காரும் இந்த பாட்டிலுக்கு 1872இல் காப்புரிமை வாங்கியவர் லண்டன்காரர் ஹிராம் காட். உள்ளே ஏறும் கேஸே குண்டை ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடிவிடுகிறது, தனி மூடி வேண்டாம். நன்றாக இருந்தது. ஆனால் மனசு அடுத்து குடிக்கப்போகும் பருத்திப்பாலில் இருந்தது.

திருமங்கலம் பக்கம் கரிசல் பூமி. பருத்தி விளைந்த மண். அங்கே ஒரு அக்கா வீட்டில் தினமும் மதியம் பருத்திப்பால் காய்ச்சி, சாயங்காலம் அவர் கணவர் தள்ளுவண்டியில் கொண்டுபோய் விற்கிறார். நாங்கள் போனபோது ராத்திரி ஊறிய விதை கிரைண்டரில் அரைபட்டுக்கொண்டிருந்தது. "விதைக்கடையில வாங்கிராதீங்கம்மா. விதைக்கிற விதையில மருந்து பூசி, கலர் போட்டிருப்பாங்க. ஜின்னிங் மில்லுல வாங்கணும்" என்று அம்மாவிடம் முதலில் அதைத்தான் சொன்னார். வெள்ளைத் துணியில் பிழிந்து முதல் பால், மறுபடி அரைத்து இரண்டாம் பால், மூன்றாம் பால். பச்சை வாசம் போகக் கொதிக்கவிட்டு, ஊறிய பச்சரிசி அரைத்த மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருந்தார். கெட்டியானதும் கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய். தேங்காய்ப்பூ மட்டும் டம்ளரில் ஊற்றிய பிறகு மேலே.

பாகு விழுந்ததும் வெளுத்திருந்த பால் மரப்பட்டை நிறத்துக்கு வந்தது. முதல் டம்ளர் அம்மாவுக்கு. சுக்கு தொண்டையில் இறங்கியபோதுகூட அம்மா பேசவில்லை. பாதி குடித்த பிறகு, "எங்கம்மா பால் மாட்டுக்கு உரல்ல பருத்தி விதை ஆட்டும்போது எங்களுக்கு ஒரு செம்பு பிழிஞ்சு வைக்கும். இதே வாசம்" என்றார். அந்த அக்கா எதுவும் சொல்லாமல் ஒரு படி விதையை அளந்து அம்மாவின் முந்தியில் கொட்டினார். காசு நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டார்.

வீடு வந்து சேர எட்டாகிவிட்டது. படுக்கப் போகும் முன் அம்மா விதையை மூன்று தண்ணீரில் அலசி ஊறப் போட்டார். காலையில் பார்த்தபோது நன்றாக உப்பியிருந்தது. மிக்ஸியை எடுத்து வைத்தேன். அது வேண்டாம் என்றார். மாடியில் பத்து வருஷமாகக் கவிழ்த்து வைத்திருந்த ஆட்டுக்கல்லைக் கழுவப் போனேன்.