கிறிஸ்துமஸ் விருந்துக்கு 48 பன்

நவம்பர் கடைசியில் நான் சுட்ட பன்னை மாமா கையில் வாங்கி, மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். டொக் டொக் என்றது. "மாப்பிள்ளை, இதைப் பத்திரமா எடுத்து வைங்க. மே மாசம் மாங்கா அடிக்க ஆகும்" என்றார். முப்பது வருஷமாக மாந்தோப்பு பார்க்கிறவர். எறிகிற பொருளின் கனம் தெரிந்துதான் சொல்லியிருப்பார்.

எங்கள் மாமனார் வீடு எலத்தகிரியில். நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரி டவுனில். கிறிஸ்துமஸ் மதியம் அங்கே இருபது பேருக்குக் குறையாமல் பந்தி இருக்கும். பிரியாணி ஒரு பக்கம் இருந்தாலும், மட்டன் குழம்பில் பன்னை முக்கிச் சாப்பிடுவதுதான் மாமாவுக்குப் பண்டிகை. மூன்று வருஷமாக அவருக்குப் பல் செட். கடித்து இழுக்கிற எதுவும் ஆகாது. களி என்றால் மட்டும் பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு உட்காருவார். "களிக்குப் பல் எதுக்கு? விழுங்குறதுதானே" என்பார். கேழ்வரகு மண்ணில் பிறந்தவர், வேறு எப்படிப் பேசுவார்!

போன வருஷம் பேக்கரியில் வாங்கி வந்த பன், குழம்பில் தோய்ப்பதற்கு முன்பே உதிர்ந்தது. பண்டிகை நெருக்கடியில் எத்தனை நாளுக்கு முன்னால் சுட்டார்களோ. மாமா எதுவும் சொல்லாமல் சோற்றுக்குப் போய்விட்டார். அப்புறம் ஒரு நாள் பெங்களூருவில் கல்யாண வரவேற்பு. சூப்போடு ஒரு கூடையில் சின்னச் சின்ன பன் வைத்தார்கள். டின்னர் ரோல் என்று பெயராம். பிய்த்தால் நூல் நூலாகப் பிரிந்தது, பஞ்சு மாதிரி. "அப்பாவுக்கு இது ஆகும்" என்றாள் மனைவி. "வீட்லயே போட்டுடலாமே" என்றேன் நான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

மாங்காய் அடிக்கிற பன்னுக்கு முன்னால் ஒரு முயற்சி உண்டு. அது அடுப்பு வரைக்கும் போகவே இல்லை. பாலைக் காய்ச்சி, 'வெதுவெதுப்பாக' ஆறியதும் ஈஸ்ட்டைப் போட வேண்டும். என் விரல் டீ கிளாஸ் பிடித்துப் பழகிய விரல், அதற்கு எல்லாமே வெதுவெதுப்புதான். ஈஸ்ட் உயிருள்ள பொருள். 55, 60 டிகிரிச் சூட்டில் போட்டால் செத்துவிடும். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. போனில் அத்தையிடம் புலம்பினேன். "தயிருக்கு உறை ஊத்துற சூடு போதும் மாப்பிள்ளை. அதுவும் உயிர்தானே" என்றார். பன்னே சுட்டறியாதவர். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு என் ஈஸ்ட் ஒரு தடவைகூடச் சாகவில்லை.

இரண்டாவது முறை மாவு பொங்கியது. ஆனால் பிசையும்போது கையெல்லாம் ஒட்டியது. சப்பாத்திக்குப் பிசைகிற பழக்கத்தில் ஒரு பிடி மைதா தூவினேன். மறுபடி ஒட்டியது, மறுபடி ஒரு பிடி. கடைசியில் அரைக் கிலோவில் தொடங்கிய மைதா எழுநூறு கிராம் பக்கம் போயிருக்கும். மாவு அழகாக உருண்டு திரண்டு, பாத்திரத்தில் ஒட்டாமல், பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. போதாததற்கு, மேலே நிறம் வரவில்லையே என்று 35 நிமிஷம் ஓவனில் வைத்தேன். மிச்சம் உங்களுக்கே தெரியும். டொக் டொக்.

என்ன தப்பு என்று புரிந்தது டீ குடிக்கப் போன இடத்தில். பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் வழக்கமாகப் போகும் ஓட்டலில், பரோட்டா மாஸ்டர் சாயங்கால மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். மாவு சேறு மாதிரிக் கல்லில் அப்பிக் கிடந்தது. இவ்வளவு ஒட்டுகிறதே, எப்படி வீசுவீர்கள் என்று கேட்டேன். "ஒட்டுதேன்னு மாவு போட்டா போச்சு சார். எண்ணெயைத் தொட்டுக்கணும், ஊற விடணும். அதுவா கையை விட்டுடும்" என்றார். சொல்லிக்கொண்டே மாவைத் தூக்கிக் கல்லில் அறைந்து, இழுத்து, மடித்தார். பத்து நிமிஷத்தில் அதே சேறு பட்டுத்துணி மாதிரிப் பளபளத்தது. நான் கூடுதல் தண்ணீரோ மாவோ எங்கே சேர்த்தார் என்று பார்த்தபடியே நின்றேன். எதுவும் சேர்க்கவில்லை.

பரோட்டாவில் ஈஸ்ட் கிடையாது என்றாலும் மைதா மைதாதான். அதிலுள்ள புரதம் தண்ணீரில் ஊறி, இழுத்து மடிக்க மடிக்க வலைபோலப் பின்னிக்கொள்கிறது. ஈஸ்ட் விடுகிற காற்று அந்த வலையில்தான் தங்கும். மாவு சேர்க்கச் சேர்க்க ஈரம் குறைந்து வலை விறைத்துப் போகிறது, காற்றுக்கு அதை ஊதிப் பெரிதாக்கத் தெம்பு போதாது. ஒட்டுகிற மாவைச் சகித்துக்கொள்ள வேண்டும். மொத்த விஷயத்திலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது இது ஒன்றுதான், சகிப்பது. எடை, நேரம், சூடு எல்லாம் கணக்கு எழுதுகிற எனக்குச் சுலபமாகவே வந்தது.

மூன்றாவது முறை பன் மெத்தென்று வந்தது. ஆனால் மறுநாள் காலையில் வறண்டுவிட்டது. அதற்கு மருந்தாகக் கிடைத்தது ஜப்பானிலும் சீனப் பக்கமும் ரொட்டிக்குச் செய்கிற ஒரு வேலை. மைதாவில் கொஞ்சம் எடுத்து, அதைப்போல் ஐந்து மடங்கு பாலில் கரைத்து, சின்னத் தீயில் கூழாகக் கிளறிச் சேர்ப்பது. 65 டிகிரிச் சூடு வந்ததும் மாவிலுள்ள ஸ்டார்ச் உப்பித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த தண்ணீர் சுட்ட பிறகும் பன்னுக்குள்ளேயே இருக்கும். கரண்டி இழுத்த தடம் கூழில் மூடாமல் நின்றால் பதம். 24ஆம் தேதி அத்தை வீட்டு அடுப்பில் இதைக் கிளறிக்கொண்டிருந்தபோது அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, போஸ்டர் ஒட்டப் போறீங்களா?" என்றார். உண்மையில் பொருள் அதுதான். தேர்தல் நேரத்தில் வாளியில் காய்ச்சுகிற பசைக்கும் இதற்கும் பால்தான் வித்தியாசம்.

ஒரு ட்ரேக்கு, அதாவது 16 பன்னுக்கு, என் கணக்கு இது. மைதா மொத்தம் 500 கிராம். அதில் 30 கிராமும் 150 மில்லி பாலும் கூழுக்கு. கூழ் ஆறியதும் மிச்ச மைதா, இன்னும் 150 மில்லி பால் (உறை ஊற்றுகிற சூட்டில்), ஒரு முட்டை, 50 கிராம் சர்க்கரை, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 9 கிராம் உப்பு. கலந்து, பிசையாமல் 20 நிமிஷம் மூடி வைத்துவிடுவேன். இந்த 20 நிமிஷத்திலேயே பாதி ஒட்டல் போய்விடும். அப்புறம் மாஸ்டர் பாணியில் அறைந்து மடிப்பது. மாவு ஓரளவு திரண்ட பிறகுதான் 60 கிராம் வெண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாக. வெண்ணெய் போட்டதும் எல்லாம் கெட்டுவிட்டது போல வழவழவென்று பிரியும். பயப்படாமல் பிசைந்தால் மறுபடி கூடும். நெல்லிக்காய் அளவு கிள்ளி நான்கு விரலால் மெல்ல விரித்தால், கிழியாமல் ஜவ்வாகி, அந்தப் பக்கத்து டியூப்லைட் தெரிய வேண்டும். எனக்கு அதற்கு 15 நிமிஷம் ஆனது. முழங்கை வலியைச் சேர்க்கவில்லை.

இதை மூன்று தடவை. ஏனென்றால் 48 பன். ஓ.டி.ஜி. என்கிற சின்னக் கரண்ட் ஓவனைக் கிருஷ்ணகிரியிலிருந்து காரின் பின் சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டுக் கொண்டுபோனோம். பிள்ளைகள் அதற்கு இரண்டு பக்கமும் ஒடுங்கி உட்கார்ந்து வந்தார்கள்.

எங்கள் பக்கம் டிசம்பர் ராத்திரி குளிர் கொஞ்சம் கடிக்கும். இட்லி மாவே பொங்காமல் போர்வை கேட்கிற மாசம். முதலில் அதை நினைத்துக் கவலைப்பட்டேன். பிறகு குளிரையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. சாயங்காலம் பிசைந்த மாவை அரை மணி நேரம் வெளியே விட்டு, மூன்று டப்பாவாக ஃபிரிட்ஜில் ஏற்றினேன். இட்லி மாவுக் குண்டானை இறக்கிவிட்டு எனக்கு ஒரு தட்டு ஒதுக்கியது அத்தையின் பெருந்தன்மை. ஃபிரிட்ஜிலும் ஈஸ்ட் வேலை செய்யும், ஆனால் நிதானமாக. ருசியும் அந்த நிதானத்தில்தான் ஏறுகிறது. நடு ராத்திரிப் பூசைக்குப் போய்விட்டு, தெருவெல்லாம் நட்சத்திர விளக்கு பார்த்துக்கொண்டு திரும்பி வந்தபோது டப்பா மூடிகள் மெதுவாக எழும்பியிருந்தன. மனைவி சேலைகூட மாற்றாமல் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். என்னைவிட அவளுக்குத்தான் பயம் அதிகம்.

காலை ஏழரைக்கு ஆரம்பித்தேன். மாவை அமுக்கிக் காற்றை இறக்கி, 60 கிராம் வீதம் நிறுத்து, ஓரங்களை அடியில் சுருட்டி உருட்டினேன். நாலுக்கு நாலாக ட்ரேயில் அடுக்கும்போது இடையில் விரல் நுழைகிற இடம் விட்டால் போதும். உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பக்கவாட்டில் தோல் கட்டாது. முதல் ட்ரேயை அணைத்த ஓ.டி.ஜி.க்குள், ஒரு டம்ளர் கொதி தண்ணீரோடு மூடி வைத்தேன். இரண்டாவது சாப்பாட்டு மேசையில். மூன்றாவதுக்கு இடமில்லாமல் அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டேன்.

அங்கேதான் வினை. அந்த மேடையில் மட்டன் குக்கர் ஏறியிருந்தது. அந்தச் சூட்டில் மூன்றாவது ட்ரே மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு பொங்கிவிட்டது. அதன் முறை வருவதற்குள் மேலே சின்னச் சின்னக் குமிழி. பாலைத் தடவ பிரஷ்ஷை வைத்ததும் நான்கைந்து பன் புஸ்ஸென்று அமுங்கியது. விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாக, பாதி மேலே வர வேண்டும். அது சுடுகிற பக்குவம். குழி அப்படியே நின்றால் நேரம் தாண்டிவிட்டது. வேறு வழியில்லாமல் அப்படியே சுட்டேன். சப்பையாக, கிழவி கன்னம் மாதிரிச் சுருக்கத்தோடு வந்தது. இன்று செய்வதானால் கடைசி ட்ரேயை உருட்டியதும் ஃபிரிட்ஜுக்கே திருப்பி அனுப்பியிருப்பேன், முதல் ட்ரே அடுப்புக்குள் போகும்போது எடுத்தால் சரியாக இருக்கும். சுருங்கிய பன்னைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ஜூனில் அத்தை கிளறி வைத்த பெங்களூரா மாம்பழ ஜாம் இருந்ததால் எந்தப் புகாரும் வரவில்லை.

முதல் இரண்டு ட்ரேயும் 180 டிகிரியில் 20 நிமிஷம். மேலே நிறம் சீக்கிரம் ஏறியதால் கடைசி ஏழு நிமிஷம் ஃபாயில் மூடினேன். வெளியே எடுத்ததும் சூட்டோடு வெண்ணெய் தடவி, ட்ரே மேல் அத்தையின் இட்லித் துணியைப் போட்டு மூடினேன். ஆவி வெளியே போகாமல் தோல் மெத்தென்று இறங்கிவிடும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். துணியை எடுத்தபோது வீடெல்லாம் வெண்ணெய் வாசனை, மட்டன் குழம்பு கொஞ்ச நேரம் காணாமலே போனது.

மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ஒரே ராத்திரியில் இறுகிவிடும். டப்பாவில் போட்டு வெளியே வைத்து, மறுநாள் இட்லிப் பானையில் இரண்டு நிமிஷம் ஆவி காட்டினால் புதுசு போல ஆகும். எங்களுக்கு மிஞ்சியது மூன்று.

பந்தியில் மாமா ஒரு பன்னை எடுத்தார். மேசை விளிம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டவில்லை. பிய்த்தார். நூல் நூலாக வந்தது. குழம்பில் முக்கி ஒன்று, அப்புறம் இன்னொன்று. பிறகு எழுந்து போய், பல் செட்டைக் கழற்றி எவர்சில்வர் டம்ளரில் போட்டு, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்றாவது பன்னுக்குக் கையை நீட்டினார்.