லா-பா: பிரெஞ்சு அலுவலகத்தில் கோல்ட்மானைக் கேட்பது

வேலைக்காக பிரான்சில் போய் இறங்குகிற தமிழருக்கு ழான்-ழாக் கோல்ட்மான் என்ற பிரெஞ்சுப் பாடகரின் பெயர் பெரும்பாலும் புதிது. பாட்டு அவ்வளவு புதிதல்ல. 1996இல் அல்ஜீரியப் பாடகர் காலித் பாடி ஊரெல்லாம் சுற்றிய ‘ஆயிஷா’வை எழுதி மெட்டமைத்தவர் இவர்தான். செலின் தியோன் 1995இல் பிரெஞ்சில் பாடி வெளியிட்ட ஆல்பத்தின் பாட்டுகளும் இவர் கைவண்ணம். ஆனால் அலுவலகத்தில் வேறொரு கோல்ட்மான் இருக்கிறார். கேன்டீனில் ரேடியோ ஓடும்போது தட்டை வைத்துவிட்டுத் திரும்புகிற ஐம்பது வயது கணக்காளர், தன்னையறியாமல் வாயசைப்பாரே, அந்தக் கோல்ட்மான். புதிதாக வந்தவர் தேடிப் பிடிக்க வேண்டியது இவரைத்தான்.

வெளிநாடு போனதும் பலர் செய்கிற காரியம், செயலியில் ‘பிரெஞ்சு பாப்’ என்று தேடி, அது முதலில் நீட்டுகிற பாட்டைப் பிடித்துக்கொள்வது. அந்தப் பாடகர் அருமையாகவே இருக்கலாம். பக்கத்து மேசைக்காரருக்கு அவரைத் தெரியாமலும் இருக்கலாம். கோல்ட்மான் விஷயத்தில் அந்த ஆபத்து கிடையாது. நாற்பதைத் தாண்டியவர்கள் 1980களின் ரேடியோவிலேயே அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். இளையவர்களுக்கு 2012இல் வந்த ‘ழெனெராசியோன் கோல்ட்மான்’ என்ற மறுபாடல் தொகுப்பு வழியாகத் தெரியும். ரேடியோவும் ஒத்தாசை செய்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1996 ஜனவரி முதல் பிரெஞ்சு வானொலிகள் பாட்டு நேரத்தில் பொதுவாக 40 சதவீதத்தை பிரெஞ்சுப் பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். பழைய பாட்டு போடுகிற நொஸ்தால்ழி மாதிரி நிலையத்தைத் திறந்துவைத்தால் அரை நாளில் ஒருமுறையாவது இவர் குரல் வந்துவிடும்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1951இல் பாரிசில் பிறந்தார். அப்பா போலந்திலிருந்து வந்த யூதர், அம்மா ஜெர்மனியிலிருந்து வந்தவர். பெற்றோருக்கு மோன்ரூழில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. மகன் லீலில் வணிகம் படித்துவிட்டு, பகலில் அந்தக் கடையில் நின்றுகொண்டே பாட்டும் எழுதினார். 1981இல் முதல் ஆல்பம். விமரிசகர்கள் அவரை வைத்துத் தாளித்தார்கள். கோல்ட்மான் 1985இல் செய்தித்தாளில் விளம்பர இடம் வாங்கி, தன்னைத் திட்டிய விமரிசனங்களையே அதில் அச்சிட்டு, ‘நீங்களே கேட்டு முடிவு செய்ததற்கு நன்றி’ என்ற பொருளில் ரசிகர்களுக்கு ஒரு வரி போட்டார். இன்றும் அலுவலகத்தில் ஒருவராவது ‘ரேன்கார்’ (பழைய பஞ்சாங்கம்) என்று உதட்டைப் பிதுக்குவார். வாதாட வேண்டாம். அவருக்கும் வரிகள் மனப்பாடமாகத்தான் இருக்கும்.

கச்சேரிக்கு டிக்கெட் தேடுவதில்தான் புதிய ரசிகர் முதலில் சறுக்குகிறார். கோல்ட்மானின் கடைசித் தனி ஆல்பம் 2001இல் வந்தது. அதற்கடுத்த சுற்றுப்பயணத்தோடு தனி மேடையை விட்டார். ஏழைகளுக்குச் சோறு போடும் ரெஸ்தோ து கேர் அமைப்புக்காக, பாடகர்கள் கூடி ஆண்டுதோறும் நடத்துகிற ஆன்ஃபுவாரே நிகழ்ச்சியில் தொடர்ந்து தலைகாட்டினார். 2016இல் அதையும் விட்டார். மெட்ரோச் சுவரில் இப்போது பெரிய எழுத்தில் ‘கோல்ட்மான்’ என்று சுவரொட்டி தெரிந்தால், கீழே சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். ‘ட்ரிப்யூட்’ என்றோ ‘ஓமாழ்’ என்றோ இருக்கும். அவர் பாட்டைப் பாடுகிற வேறொரு குழு அது. மோசமில்லை, கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடும். ஆனால் மேடையில் அவர் இருக்க மாட்டார் என்று தெரிந்தே பணம் கட்டுவது நல்லது.

கேட்பதற்கு வருவோம். இவர் பாட்டுகள் பெரிய ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வந்ததே 2019 ஆகஸ்டில்தான். இப்போது எல்லாம் கிடைக்கிறது, அதுவே ஒரு தொல்லை. நூறு பாட்டை ஓடவிட்டால் ஒன்றும் தங்காது. மூன்றை எடுத்து, வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும். புறநகர் ரயிலில் 35 நிமிடப் பயணம் என்றால் ஒரு பாட்டை ஏழெட்டு முறை கேட்கலாம். முதல் இரண்டு நாள் வரிகளைப் பார்க்கவே கூடாது. ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லை மட்டும் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். எதுகைக்கும் மோனைக்கும் பழகிய காது நமக்கு. பிரெஞ்சுப் பாட்டில் ஒலி ஒன்றுவது அடியின் கடைசியில். அந்த இயைபைப் பிடித்தால் பாதிச் சொல் பிடிபடும். மூன்றாம் நாள் அச்சிட்ட வரிகளோடு ஒப்பிடலாம். நாலாம் நாள் பாடகருக்கு அரை மூச்சு பின்னால் முணுமுணுக்க வேண்டும். ஐந்தாம் நாள் தாள் வேண்டாம்.

வரிகளை முதலிலேயே பார்த்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பிரெஞ்சில் எழுதுவதில் கணிசமான பங்கு வாயில் வருவதில்லை. கண் முந்திக்கொண்டால், சொல்லின் கடைசியில் நிற்கிற ஊமை எழுத்துகளையெல்லாம் நாக்கு உச்சரிக்கப் பார்க்கும். பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

அந்த ஊமை எழுத்துகளில் ஒன்று நமக்கு உறவுக்காரர். சொல் முடிவில் வருகிற எகரம் போன்ற மெல்லிய ஒலியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஊமை எழுத்து என்பார்கள். நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் அது சட்டென்று விளங்கும். பேச்சில் குறுகும், உயிர் வந்தால் ஓடிப்போகும். ‘நாடு + இல்லை’ ‘நாடில்லை’ ஆவது மாதிரிதான். 1982இல் வந்த ‘கான் லா ம்யூஸிக் ஏ பொன்’ என்ற பாட்டின் தலைப்பைச் சொல் சொல்லாக எழுதினால் இப்படித்தான் வரும். பாடும்போது ‘ம்யூஸிக்’கின் கடைசி ஊமை எழுத்து கழன்று, அடுத்த ‘ஏ’ அந்தக் ககரத்தில் ஏறிக்கொண்டு ‘ம்யூஸிகே பொன்’ ஆகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாதவர் ‘ஸிகே’ என்று ஒரு சொல்லை அகராதியில் தேடிக்கொண்டிருப்பார்.

பாட்டில் அந்த ஊமை எழுத்துக்கு அவ்வப்போது உயிர் வருவதுதான் அடுத்த சிக்கல். மெட்டுக்கு ஓர் அசை குறைந்தால் பாடகர் அதை எழுப்பிவிடுவார். ‘ழெ தெ தொன்’ (உனக்குத் தருகிறேன்) என்ற 1985 பாட்டில் மூன்று அசையும் தெளிவாக விழும். காபி இயந்திரத்தருகே அதையே சொன்னால் ‘ழ்தெ தொன்’ என்று இரண்டாகச் சுருங்கும். பாட்டிலிருந்தே மொழி கற்றவர் எல்லா எகரத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். மார்செய், துலூஸ் பக்கத்துத் தெற்கத்திக்காரர் பேசுவது போலிருக்கிறது என்று பாரிஸ்காரர் சிரிப்பார். குற்றமில்லை, கிண்டல்தான். இங்கே தமிழில் ‘ழ’ என்று எழுதுவது புதுச்சேரி மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கம். ஒலி அதுவல்ல, நாக்கை மடிக்காமல், ‘ஷ’ சொல்லும்போதே தொண்டையை அதிரவிட்டால் வரும். ‘ம்யூ’வில் உள்ள ஊகாரமும் நம்முடையதல்ல. ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் குவிக்க வேண்டும்.

எந்த மூன்று பாட்டு? முதலில் 1984இன் ‘ஆன்கோர் அன் மதேன்’. ‘இன்னொரு காலை’ என்று பொருள். வேலைக்குப் போகிற ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. இரண்டாவது 1982இன் ‘கொம் துவா’, ‘உன்னைப் போல்’. இறந்தகாலத்தில் நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் வினைவடிவம் இந்தப் பாட்டு முழுக்க நிறைந்திருப்பதால் இலக்கணப் பாடமாகவும் ஆகும். ஒரு எச்சரிக்கை. வயலினும் மென்குரலும் கேட்டு இதைத் தாலாட்டு என்று நினைத்து விருந்தில் உற்சாகமாக எடுத்துவிடக் கூடாது. எட்டு வயதுகூட நிரம்பாத சாரா என்ற யூதச் சிறுமியைப் பற்றிய பாட்டு இது. நாஜிக் காலத்தில் அவளுக்கு நேர்ந்ததைப் பாட்டு வாய்விட்டுச் சொல்லாது. பிரெஞ்சுக்காரர் எல்லோருக்கும் அது தெரியும்.

மூன்றாவது, 1987இன் இரட்டை ஆல்பத்தில் வருகிற ‘லா-பா’. ‘அங்கே, தூரத்தில்’ என்பதுதான் அந்தச் சொல். புறப்படத் துடிக்கிற ஆணும் போகாதே என்கிற பெண்ணும் பாடுவது. அங்கே எல்லாம் புதிது, வேலியில்லாத மண், நெஞ்சுரம் இருந்தால் போதும் என்கிறான் அவன். புயலும் கப்பல் உடைதலும் கானலும் இருக்கின்றன என்கிறாள் அவள். இங்கே எல்லாமே பிறப்பிலேயே முடிவாகிவிட்டது, நான் நல்ல இடத்தில் பிறக்கவில்லை என்று அவன் சொல்கிற இடத்தில், நம்மூர்க்காரருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. ‘அவசியம்’ என்பதற்கு ‘இல் ஃபோ’ என்று வகுப்பில் சொல்லித்தருவதை இதில் வெறும் ‘ஃபோ’ என்பார்கள், ‘இருக்கிறது’ என்பதை வெறும் ‘யா’ என்பார்கள். மீட்டிங்கிலும் அப்படியேதான் பேசுகிறார்கள். முடிவை நெருங்கும்போது இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இடது காதில் ஒருமுறை, வலது காதில் ஒருமுறை என்று பிரித்துக் கேட்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே குரலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி.

அந்தப் பெண் குரல் சிரிமாவுடையது. அப்பா இலங்கைக்காரர், அம்மா பிரெஞ்சுக்காரர். லண்டனில் 1964இல் பிறந்தவர். பாரிஸ் மெட்ரோவில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் அவர் குரல் கோல்ட்மான் வட்டாரத்துக்கு எட்டியது. அவருடைய சொந்த ஆல்பம் 1989இல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், கூட வாழ்ந்தவரின் கையாலேயே கொல்லப்பட்டார். 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் பாரிசுக்கு வந்துசேர்ந்துகொண்டிருந்த அதே வருடங்கள். பாரிசின் லா ஷாபெல் பகுதியில் கடை திறந்தவர்களின் காதிலும் ரேடியோ வழியாக இந்தப் பாட்டு விழுந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், ‘போகாதே’ என்கிற குரல் வேறு மாதிரி கேட்கிறது. அலுவலகத்தில் ‘லா-பா’ வேறொரு வேலையும் பார்க்கும். ‘உங்க ஊர்ல, லா-பா, இப்ப மழையா?’ என்று கேட்பார்கள். இங்கே சென்னைதான் தூரம்.

குறுவட்டு வாங்க ஆசைப்பட்டால், ஞாயிற்றுக்கிழமை தெருவில் போடுகிற ‘வீத்-க்ரெனியே’ பழம்பொருள் சந்தைகளில் ஓரிரு யூரோவுக்குக் கிடைக்கும். சில்லறை கையில் வேண்டும். 1987 ஆல்பத்தின் பெட்டியைத் திறந்து இரண்டு தட்டும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. 45 சுற்று இசைத்தட்டாக இருந்தால் நடு ஓட்டை பெரிதாக இருக்கலாம், அதற்குத் தனி வளையம் வேண்டும். கீறலை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டுப்பட்டால் ஊசியும் தட்டுப்படும்.

குழுவாக கரோக்கே போகிற நாளில் கோல்ட்மானை எடுக்கிற ஆண்கள் பெரும்பாலும் பல்லவியில் மாட்டிக்கொள்வார்கள். அவர் குரல் உயரமானது. சரணத்தில் சாதாரணமாக நடந்துவிட்டு பல்லவியில் ஏறிவிடுவார். இயந்திரத்தில் சுருதியை இரண்டு மூன்று படி இறக்கச் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. மொழி இன்னும் பழகாதவருக்கு ‘ழெ தெ தொன்’ ஒரு வரப்பிரசாதம். வேல்ஸில் பிறந்த மைக்கேல் ஜோன்ஸ் அதில் கூடப் பாடுகிறார், அவர் பங்கு ஆங்கிலத்தில். அதை நாம் எடுத்துக்கொண்டு பிரெஞ்சை சக ஊழியருக்குக் கொடுத்துவிடலாம்.

கடைசியாக, ‘போ தெ தெபார்’. ஒருவர் வேலையை விட்டுப் போகும் மாலை, ஐந்து ஐந்தரைக்கு, நீண்ட மேசையில் சிப்சும் சீஸும் நுரைக்கிற வைனும் வைத்து நடக்கும் விடைகொடுப்பு. அதற்கு ஒரு வாரம் முன்பே பணம் போட ஒரு கவர் சுற்றிவரும், கூடவே கையெழுத்திட ஓர் அட்டை. பழக்கமான பாட்டின் மெட்டில் போகிறவரைக் கேலி செய்து புது வரி எழுதிப் பாடுவதும் உண்டு. அதற்கு அடிக்கடி எடுபடுவது, மேலே சொன்ன அதே ஆல்பத்தின் ‘ப்யுயிஸ்க் த்யு பார்’. தலைப்பின் முதல் சொல்லைக் கவனிக்க வேண்டும். காரணம் சொல்ல இன்னொரு சொல்லும் உண்டு, ‘பார்ஸ்கெ’. அது கேட்பவருக்குத் தெரியாத காரணத்துக்கு. ‘ப்யுயிஸ்க்’ இருவருக்கும் தெரிந்துபோன காரணத்துக்கு. ‘நீ போவதால்’ என்று பெயர்த்தால் உப்புச்சப்பில்லை. ‘போவதென்றே ஆகிவிட்டதே, அதனால்’ என்பதுதான் நெருங்கி வரும்.

புது வரி எழுதுகிற பொறுப்பு நம் தலையில் விழுந்தால், அசையை விரல் விட்டு எண்ண வேண்டும். ஊமை எகரத்தை எங்கே எழுப்புகிறோம் என்று தாளிலேயே அடிக்கோடிட வேண்டும். இல்லாவிட்டால் இருபது பேரும் இருபது இடத்தில் மூச்சு விடுவார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், பின்வரிசையில் நிற்பவர் கண்ணாடியைத் தேட வேண்டியிராது. ஆளுக்கு ஒரு தாள் தேவையில்லை, மூவருக்கு ஒன்று போதும். பல்லவியை யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டாம் சரணத்தில்தான் எல்லோரும் தாளை நோக்கிக் குனிவார்கள். அதை மட்டும் தவறில்லாமல் தட்டச்சு செய்துவைத்தால் போதும்.