பாஸ்கல் ஃபெரி

நம்ம ஸ்கூல் மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கன்னு வாட்ஸ்அப்ல கேட்டாங்க. ஸ்போர்ட்ஸ் டே, கேன்டீன் மீ கோரெங் எல்லாம் மத்தவங்க எழுதிருவீங்க, அதனால நான் நம்ம பிசிக்ஸ் சார பத்தி எழுதுறேன். பினாங்கு, 1983, ஃபார்ம் ஃபோர், தெக்கானான் பாடம்.

அழுத்தத்தத்தான் மலாய்ல அப்படிப் படிச்சோம். புக்ல யூனிட்டு பாஸ்கல், லேப்ல கிடந்த பழைய பாரோமீட்டர்ல, அதான் காத்தழுத்தம் காட்டுற கருவில, மில்லிபார், கண்ணாடிக் குழாய்ல பாதரசம் சென்டிமீட்டர்ல, எத எதால பெருக்குறதுன்னே புரியாது. ஒரு டெஸ்ட்ல டயர் காத்தழுத்தக் கணக்குல நான் 2.2 பாருக்கு (ஒரு பார்னா ஆயிரம் மில்லிபார்) 22 கிலோபாஸ்கல்னு எழுதி வச்சேன். சார் பேப்பர தூக்கிக் காட்டி, "இந்த டயர வச்சுக்கிட்டு ஃபெரி ஏறுற ஜெட்டி வரைக்கும்கூட போகமாட்டடா"ன்னாரு. கிளாஸே சிரிச்சுச்சு.

பினாங்குப் பாலம் 1985-லதானே திறந்தாங்க, அப்போ தீவுல இருந்து அக்கரைல இருக்குற பட்டர்வொர்த் போறதுன்னா நமக்கெல்லாம் ஃபெரிதான். சார் அதையே புடிச்சுக்கிட்டாரு. எந்த யூனிட்டா இருந்தாலும் முதல்ல பாஸ்கல் ஃபெரில ஏத்து, அக்கரைல எங்க வேணும்னாலும் இறக்கிக்கோ! ஒரு பார் ஏறினா 100,000 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 133 சொச்சம். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோன்னு போட்டிருந்தா 98,000 சொச்சம், பார விட கொஞ்சம் கம்மி, அதையும் பாரையும் ஒண்ணுன்னு நெனச்சவன் மார்க்க விட்டான். என் 2.2 பார் ஏறினா 220,000, இறங்குனா 220 கிலோபாஸ்கல், அவ்வளவுதான் லா, இதுக்கா அத்தன அழுகை.

அப்புறம் சார் நம்மள பினாங்கு மலைக்குக் கூட்டிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கா? அப்போ ரயில்ல பாதி வழில இறங்கி வேற வண்டி மாறணும். பாரோமீட்டர் என் மடில. எட்டு ஒன்பது மீட்டர் ஏறினா ஒரு மில்லிபார் கொறையும்னாரு, மேல போய்ப் பார்த்தா எண்பது கிட்ட கொறஞ்சிருந்துச்சு. மில்லிபாரும் ஹெக்டோபாஸ்கலும் ஒண்ணேதான், அதுக்கு ஃபெரியே வேணாம். 1648-ல பிரான்ஸ்ல பாதரசக் குழாயத் தூக்கிட்டு காத்தழுத்தம் பார்க்க மலை ஏறினது, இந்த யூனிட்டுக்குப் பேரு குடுத்த விஞ்ஞானி பாஸ்கல் இல்லயாம், அவரோட அக்கா வீட்டுக்காரராம். "எல்லாக் காலத்துலயும் தூக்குறவன் ஒருத்தன் இருக்கான்"னு சார் என்னப் பார்த்து சிரிச்சாரு. எனக்கோ காது அடைச்சு பாதி கேக்கல.

இப்போ கோலாலம்பூர்ல இருக்கேன். காரு செகண்ட் ஹேண்ட், ஐரோப்பா வண்டி, கதவு ஸ்டிக்கர்ல பார்னு போட்டிருக்கு, பெட்ரோல் போடுற எண்ணெய்க் கடை காத்து மெஷின்ல கிலோபாஸ்கல். எனக்குப் பின்னாடி கியூல நிக்கிற பையன் கைப்பேசில தட்டி முடிக்கிறதுக்குள்ள நான் காத்தடிச்சு முடிச்சிருவேன்.

போன மாசம் கிளினிக்ல பிரஷர் பார்த்தாங்க, மேல 140, மில்லிமீட்டர் பாதரசக் கணக்குல. மனசுக்குள்ள ஃபெரில ஏத்தி இறக்கிட்டு, "பதினெட்டரை சொச்சம்தான்மா, கிலோபாஸ்கல்ல"ன்னேன். அந்த நர்ஸ் பொண்ணு என்ன ஒரு பார்வ பார்த்துட்டு, "அங்கிள், கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க, இன்னொருவாட்டி பார்க்கலாம்"னுச்சு.