ஸ்பார்க் டிஸ்சார்ஜ்ல காப்பர் நானோ துகள் எடுத்த அனுபவம்

எம்எஸ்சி வரைக்கும் நானோ துகள்னா பீக்கர், ரிடியூசிங் ஏஜென்ட், அப்புறம் திரும்பத் திரும்ப கழுவுறதுன்னுதான் எனக்குப் பழக்கம். பிஎச்டில கைட் கொடுத்தது ஸ்பார்க் டிஸ்சார்ஜ், அதாவது மின்பொறியால மெட்டலை ஆவியாக்கி துகள் எடுக்குற முறை. இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு தமிழ்ல எதுவும் கிடைக்கல, அதான் எழுதுறேன்.

செட்டப் பார்க்க ரொம்ப சிம்பிள். எதிரும் புதிருமா ரெண்டு காப்பர் ராடு, நடுவுல 1-2 மில்லிமீட்டர் கேப், அதைச் சுத்தி நைட்ரஜன் ஓடும், பக்கத்துல 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர். பவர் சப்ளை கெப்பாசிட்டரை சார்ஜ் பண்ணிக்கிட்டே போகும், 3 கிலோவோல்ட் வாக்குல கேஸ் தாங்காம பிரேக்டவுன் ஆகி பொறி அடிக்கும். ஒவ்வொரு பொறிலயும் 90 மில்லிஜூல், 10 மில்லிஆம்பியர் கொடுத்தா செகண்டுக்கு 160 பொறிக்கு மேல. சில மைக்ரோசெகண்ட்ல ராடோட முனை ஆவியாகி, அந்த ஆவி குளிர்ந்து, 10 நானோமீட்டருக்குள்ள இருக்குற துகளா கேஸோட போயிடும். ஷ்மிட்-ஓட்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 1988-ல கொண்டுவந்த முறை இது, கெமிக்கல் ஒண்ணும் வேணாம்னதும் எனக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு.

ஓட்டும்போது கண்ணு ஆசிலோஸ்கோப்லயே இருக்கணும். வோல்டேஜ் சாய்வா ஏறும், பொறி அடிச்சதும் செங்குத்தா விழும், மறுபடி ஏறும், ரம்பப் பல்லு மாதிரி. புது ராடு போட்டா பல்லெல்லாம் தாறுமாறா இருக்கும், கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டா முனை பழகி ஒரே உயரத்துக்கு வரும். அப்புறம் மெதுவா பல்லு உயர ஆரம்பிச்சா ராடு தேய்ஞ்சு கேப் அகலமாகுதுன்னு அர்த்தம், மைக்ரோமீட்டர் திருகை லேசா உள்ள தள்ளணும், இல்லேன்னா பொறியோட எனர்ஜி மாறி துகள் சைஸும் மாறிடும்.

இதெல்லாம் கைக்கு வந்துடும். உண்மையான போராட்டம் ஆக்சிஜனோட. டிஇஎம்ல (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) முதல்ல பார்த்ததுல லேட்டிஸ் இடைவெளி, அதாவது அணு அடுக்குகளுக்கு நடுவுல இருக்குற தூரம், காப்பருக்கு ஒத்துவரல, காப்பர் ஆக்சைடுக்குத்தான் பொருந்துச்சு. இவ்வளவு சின்னத் துகளுக்கு சர்ஃபேஸ் ஏரியா அதிகம், கேஸ்ல பிபிஎம் கணக்குல (பத்து லட்சத்துல சில பங்கு) ஆக்சிஜன் இருந்தாலே போதும், பிடிச்சுக்கும். சிலிகான் ட்யூப் சுவர் வழியாவே காத்து கசியுறதால ட்யூப் எல்லாத்தையும் ஸ்டீலுக்கு மாத்தி, ஒவ்வொரு ஜாயின்ட்டா லீக் பார்த்து, கடைசியா 5% ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் சிலிண்டர் வாங்கினதுக்கு அப்புறம்தான் மெட்டல் காப்பர் கிடைச்சுது. என்னைக் கேட்டா இந்த வேலையில முக்கால்வாசி கேஸ் லைன்தான், ஆரம்பிக்கிறவங்க பட்ஜெட்டை பவர் சப்ளைல கொட்டாம முதல்ல அங்க வைங்க. சாம்பிளை வெளிய எடுத்தா காத்துபட்டு மேல்தோல் மறுபடி ஆக்சைடாகும், அதனால மெஷர்மென்ட் வரைக்கும் காத்து புகாத க்ளவ் பாக்ஸ்லயே வச்சிருங்க.

வெளிய வர்ற துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சங்கிலியா இருக்கும். ட்யூப் ஃபர்னஸ் வழியா சூடா அனுப்பினா சுருங்கி உருண்டையாகும், டிஎம்ஏல (மின்புலத்தால துகளை சைஸ் வாரியா பிரிக்குற கருவி) வேணும்கிற சைஸை மட்டும் பிரிச்சுக்கலாம். பெருசா வேணும்னா பொறி வேகத்தைக் கூட்டுங்க, சின்னதா வேணும்னா கேஸ் ஃப்ளோவைக் கூட்டுங்க.

இதை மட்டும் விட்டுடாதீங்க: சப்ளையை ஆஃப் பண்ணாலும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், கிரவுண்டிங் ராடால தொட்டு இறக்காம சேம்பர்ல கை வைக்கக் கூடாது. வெளியேறுற கேஸ் ஹெப்பா ஃபில்டர் தாண்டிதான் போகணும். பொறியோட மின்காந்த நாய்ஸ்ல பக்கத்துல இருக்குற ஃப்ளோ கன்ட்ரோலர் ரீடிங் துள்ளும், அதுக்கு சேம்பரை மெட்டல் பெட்டிக்குள்ள வச்சு நல்லா எர்த் பண்ணுங்க.

இப்போ ஒரு பக்கம் சில்வர் ராடு, இன்னொரு பக்கம் காப்பர் ராடு போட்டு ஓட்டிட்டிருக்கேன். சாதாரணமா உருக்கி ஆறவிட்டா பிரிஞ்சு போற இந்த ரெண்டும், பொறில அவ்வளவு வேகமா குளிர்றதால ஒரே துகளுக்குள்ள கலந்து நிக்குது.