ஏழு சுற்றுகளாய்ச் சுருங்கிய ஆண்டு: டபிள்யூஆர்சி-2 நாட்குறிப்பு, 2020

15 மார்ச் 2020

உலக ராலி சாம்பியன்ஷிப்பில் (டபிள்யூஆர்சி), மெக்சிகோவின் லியோன் நகரை மையமாகக் கொண்டு இன்று நடந்திருக்க வேண்டிய கடைசி நாள் ஸ்டேஜ்கள் (நேரம் கணக்கிட்டு ஓடும் சாலைப் பகுதிகள்) கைவிடப்பட்டுவிட்டன. கொரோனாவால் எல்லைகள் அடைபடுவதற்குள் அணிகள் ஊர் திரும்ப வேண்டும் என்பதால், நேற்றோடு ராலியை முடித்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு. முதல் பிரிவுக்கு அடுத்ததான டபிள்யூஆர்சி-2 பிரிவில் ஸ்கோடா ஃபாபியா கார் ஓட்டிய போன்டஸ் டிடெமாண்ட் வென்றார். இந்த ஆண்டின் முதல் இரண்டு சுற்றுகளான மான்டி கார்லோவிலும், பனி போதாமல் பாதியாய்க் குறுகிய சுவீடனிலும் வென்றவர் சிட்ரோன் சி3 ஓட்டும் மேட்ஸ் ஆஸ்ட்பெர்க்.

5 ஜூலை 2020

போர்ச்சுகல், சஃபாரி, பின்லாந்து, நியூசிலாந்து, வேல்ஸ் என ஒவ்வொன்றாய் ரத்தாகி, புதிதாய் எஸ்டோனியா சேர்ந்திருக்கிறது. செய்திகள் எல்லாம் முதல் பிரிவின் ஓஜியேவையும் டானாக்கையும் பற்றியே பேசுகின்றன. எனக்கோ கீழ்ப் பிரிவுகளை நினைத்துத்தான் கவலை. கார் நிறுவனமே நடத்தும் தொழிற்சாலை அணியின் ஓட்டுநருக்குச் சம்பளம் உண்டு. தனியார் போட்டியாளர்களுக்கான டபிள்யூஆர்சி-3இல் ஓடுபவரோ, விளம்பரதாரர் தரும் பணத்தை நம்பி 1.6 லிட்டர் டர்போ காரை வாடகைக்கு எடுத்து, தன் வேகத்தைப் பெரிய அணிகளின் கண்ணில் படவைக்கத்தான் ஓடுகிறார். ஓடுவதற்கே ராலி இல்லாத ஆண்டில் அவர் விளம்பரதாரரிடம் எதைக் காட்டி அடுத்த ஆண்டுக்குப் பணம் கேட்பார்?

6 செப்டம்பர் 2020

ஆறு மாதங்களுக்குப் பிறகு எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் மீண்டும் ராலி. உலகச் சாம்பியன்ஷிப்புக்கு எஸ்டோனியா புதிது என்பதால், அங்கு முன்பு ஓடியிராதவர்கள், முன்னோட்டத்தில் இரண்டு முறை மெதுவாகக் கடந்து எழுதிய பேஸ் நோட்ஸை (சாலைக் குறிப்புகளை) மட்டுமே நம்பி, மேட்டுக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணால் பார்க்காமலேயே முழு வேகத்தில் தாவ வேண்டியிருந்தது. டபிள்யூஆர்சி-2இல் ஆஸ்ட்பெர்க் வென்றார். டபிள்யூஆர்சி-3இல் 18 வயது ஆலிவர் சோல்பெர்க் வென்றது எனக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு வீணாவது சிறிய இழப்பல்ல.

11 அக்டோபர் 2020

துருக்கியின் மார்மாரிஸில் டயர்களைக் கிழித்த கற்களைத் தாண்டி வென்ற டிடெமாண்ட், இன்று சார்டினியாவிலும் வென்றுவிட்டார். வழக்கமான ஆண்டில் ஒரு ராலியில் விட்டதை அடுத்ததில் பிடிக்கலாம். இப்போது அதற்கு இடமே இல்லை.

6 டிசம்பர் 2020

பெல்ஜியத்தின் ஈப்ர் ராலியும் ரத்தாகிவிட்டதால், பார்வையாளர் இல்லாத இத்தாலியின் மோன்சாவே ஏழாவதும் கடைசியுமான சுற்றானது. பந்தயத் தடத்தில் சேறு, நேற்று பெர்கமோ மலைச் சாலைகளில் பனி. முதல் பிரிவில் எல்ஃபின் எவன்ஸின் உலகப் பட்டக் கனவு அந்தப் பனியில்தான் சறுக்கியது. டபிள்யூஆர்சி-2 பட்டம் ஆஸ்ட்பெர்க்குக்கு, டபிள்யூஆர்சி-3 பட்டம் யாரி ஹுட்டுனெனுக்கு. 2019 இறுதியில் சிட்ரோனின் தொழிற்சாலை அணி முதல் பிரிவிலிருந்து விலகியபோது அங்கே இடமிழந்தவர்கள் ஓஜியேயும் அவருடைய அணித்தோழர் லப்பியும்தான், ஆஸ்ட்பெர்க் அல்லர். ஆனாலும் அந்த நிறுவனத்தின் பெயரை இந்த ஆண்டு மேடையேற்றியவர் ஆஸ்ட்பெர்க்தான். ஏழே சுற்றுகளில் வென்ற பட்டம் என்று யாரும் இதைக் குறைத்துப் பேசக் கூடாது.