மரண அறிவித்தலில் இல்லாத வரிகள்

பக்கத்து வீட்டு ஐயா காலமாகி மூன்று கிழமைக்குப் பிறகுதான் செத்த வீடு நடந்தது. இங்கிலாந்தில் அது வழமை என்றார்கள். எனக்குத் தைத்தது அந்தத் தாமதம் இல்லை, தேவாலய வாசலில் தந்த சின்னப் புத்தகம். அட்டையில் தக்காளிச் செடிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். உள்ளே பக்கம் பக்கமாக அவர் ஊருக்குச் செய்தவையும் ஆசையாகச் செய்தவையும். மனைவி, பிள்ளைகளின் பெயர்கள் ஒரே வரியில் முடிந்துவிட்டன.

நம்முடைய மரண அறிவித்தல் எல்லோருக்கும் மனப்பாடம். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார்களின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று கனடா, ஜேர்மனி, சுவிஸ் எல்லாம் சுற்றி வரும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் அந்தியேட்டி வரைக்கும் வீட்டில் சண்டை. ஆனால் அந்த மனிதர் இருந்த காலத்தில் என்ன செய்தார் என்று ஒரு சொல் இராது.

ஐயா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நகரசபை வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டு ஒன்று வைத்திருந்தார். முழுத் துண்டு, இங்கத்தைய பழைய நில அளவில் 10 றொட், கிட்டத்தட்ட 250 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்துக் காணி அளவில் அச்சொட்டாக ஒரு 'பரப்பு'! அதைச் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோசம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஜனவரிக் கடைசியில் நாடு முழுக்க ஒரு மணிநேரம் தோட்டத்துப் பறவைகளை எண்ணும் வழக்கம் 1979 இலிருந்து உண்டு. போன குருவி திரும்பி வந்தால் சேர்க்கக் கூடாது, ஒரே நேரத்தில் கண்ட ஆகக்கூடிய தொகைதான் கணக்கு என்று என் மகளுக்குப் பழக்கியவர் அவர்.

எல்லாவற்றிலும் பெரிய பைத்தியம் தேவாலய மணி. ஆறு மணிகளை, ஒரே வரிசை இரண்டாம் தரம் வராமல், 720 விதமாக மாற்றி மாற்றி அடிக்கலாம். அரை மணிநேரம் கயிறு இழுக்க வேண்டும். தாளைப் பார்த்து அடிக்கிற வழக்கம் இல்லை, எல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும். அன்று அவருடைய கூட்டாளிகள் மணி நாக்கின் ஒரு பக்கத்தில் தோல்பட்டை கட்டி அடித்தார்கள். ஒரு சுற்றுக் கணீரென்று கேட்டது, அடுத்த சுற்று அமுங்கி, எங்கோ தூரத்தில் அடிப்பதுபோல வந்தது. எங்கள் ஊர்ப் பறைக்குப் பிறகு, செத்தவருக்காக அழுத வாத்தியம் என்று நான் கேட்டது அதைத்தான்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. குளிர் உறைப்பதில்லை, அயலவர்களோடு வேலியில் நின்று கதைக்கிறேன். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பிரித்த நேரத்திலிருந்து அப்பாதான் நினைவில்.

தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. பின்னேரமானால் வாசிகசாலையைத் திறந்து, பத்திரிகைகளை மேசையில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் கல் வைப்பார். முத்திரை சேர்த்தார், கோயில் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தார். கறுத்தக்கொழும்பான் மாவில் ஒட்டுக் கட்டி, கன்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் காய்க்கிற பாதி மரங்கள் அவர் கை வைத்தவை. 1995 ஒக்டோபரில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது, சனம் அரிசியும் பாயும் கட்டிக்கொண்டு போக, அவர் வாசிகசாலைப் புத்தகங்கள் இரண்டு சாக்கைச் சைக்கிளில் கட்டித் தென்மராட்சிக்கு உருட்டினார். அம்மா அந்தக் கோபத்தைக் கடைசிவரை விடவில்லை.

வானொலியில் போன அவருடைய அறிவித்தலில் உறவுகள் எல்லோரும் இருந்தார்கள். வாசிகசாலை இல்லை, மாங்கன்று இல்லை. இது நியாயமில்லை. உறவு முறை தெரியத்தான் வேண்டும், ஆனால் ஊருக்கு உழைத்தவரை ஊருக்கு நினைவூட்டவும் வேண்டும்.

அடுத்த மாதம் திவசம். பத்திரிகையில் நினைவஞ்சலி போடும் தங்கச்சிக்கு எழுதி அனுப்பினேன்: வாசிகசாலை, ஆர்மோனியம், சாக்கு, மாங்கன்று எல்லாம்.

"அண்ணா, இவ்வளவும் போட்டால் கனக்கக் காசு கேப்பினம்," என்றாள்.

"கேக்கட்டும். ஒண்டையும் வெட்டாதை."