சத்தியம் செய்யாமல் சாட்சி சொன்ன கதை

ஒரு விபத்தை நேரில் பார்த்துத் தொலைத்ததால் கோர்ட்டில் சாட்சி சொல்ல சம்மன் வந்தது. வழக்கு சின்னதுதான், என் பயம் வேறு. கூண்டில் ஏறியதும் கடவுள் பெயரால் ஆணையிடச் சொல்வார்கள், இயேசுவோ மலைப்பிரசங்கத்தில் 'பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்' என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அதை வாசித்துவிட்டுத் திங்கட்கிழமை போய் ஆணையிட்டால் என்ன அர்த்தம் என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

பாஸ்டரிடம் கேட்டேன். வேதாகமத்தில் ரோமர் நிருபம் 13-ஆம் அதிகாரத்தைத் திருப்பி, அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றார். அப்போஸ்தலர் பவுலே 'தேவன் எனக்குச் சாட்சி' என்று எழுதவில்லையா, வாய்க்கு வந்தபடி சத்தியம் பண்ணுவது வேறு, நீதிமன்றம் கேட்பது வேறு என்றார். மார்ட்டின் லூத்தர் வழிவந்த லூத்தரன்கள் 1530-இலேயே தங்கள் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையில் இதை அனுமதித்துவிட்டார்கள். நல்ல வாதம்தான், எனக்குத்தான் ஒட்டவில்லை.

அப்புறம் கொஞ்சம் படித்தேன். ரோமர் காலத்தில் சீசரின் பேரில் சத்தியம் செய்தால் விட்டுவிடுகிறேன் என்று ஆளுநர் சொல்லியும் மறுத்துச் செத்தவர் பிஷப்பாக இருந்த கிழவர் பாலிகார்ப். 1664-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபாக்ஸ், சத்தியம் செய்வதற்கென்று கையில் கொடுக்கப்பட்ட வேதாகமத்தையே காட்டி, இந்தப் புத்தகம்தானே சத்தியம் செய்யாதே என்கிறது என்று கேட்டிருக்கிறார், சிறைதான் கிடைத்தது. குவேக்கர்கள் விடாமல் முரண்டு பிடித்ததில், சத்தியத்துக்குப் பதில் வெறும் உறுதிமொழி போதும் என்று 1695-ஆம் ஆண்டுச் சட்டம் இறங்கிவந்தது, அதுவும் கிரிமினல் வழக்குகளுக்குக் கிடையாது. இன்றைக்கு நாத்திகர்களுக்கானது என்று நாம் நினைக்கிற அந்த உறுதிமொழி, கடவுளை ரொம்ப நம்பிய ஆட்கள் சிறைக்குப் போய் வாங்கித் தந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

நடைமுறை ரொம்பச் சுலபம். ஒரு வாரம் முன்பே வக்கீலிடம் சொல்லிவிட்டேன். சத்தியத்துக்கும் உறுதிமொழிக்கும் ஒரே மதிப்பு, பொய் சொன்னால் தண்டனையும் ஒன்றே என்றார். அன்று காலை கிளார்க்கிடமும் சொன்னேன், கூண்டில் ஏறிய பிறகு இழுபறி வேண்டாம் என்று. அவர் என் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிறிஸ்தவர்தானே?"

"ஆமாம் சார், அதனால்தான்."

அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை, ஆனால் வேறு அட்டையை எடுத்து நீட்டினார். இரண்டே வரி, கடவுள் பெயர் எங்கும் இல்லை. வாசிக்கும்போது ஏதோ மறுதலித்துவிட்ட மாதிரி ஒரு கணம் தொண்டை அடைத்தது. இயேசு சொன்னபடி நடக்க அவர் பெயரே இல்லாத அட்டை தேவைப்பட்டதை நினைத்தால் இப்போதும் விசித்திரமாக இருக்கிறது.

முதல் கேள்வி, சிக்னலில் அப்போது என்ன நிறம் எரிந்தது என்பது. உள்ளதை உள்ளதென்று சொல்ல இத்தனை பாடுபட்டுவிட்டு, "கவனிக்கவில்லை சார்" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.